625-க்குப் பதிலா 375 மாத்திரை ரெண்டு போடலாமா?

கேள்வி: டாக்டர் அமாக்ஸிசிலின்–கிளாவுலானேட் 625 என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதியிருக்கிறார். கடையில் 375தான் இருக்கிறதாம். ரெண்டாகப் போட்டால் சரியாகிவிடுமா?

பதில் 1: ஆகாது. 625-இல் அமாக்ஸிசிலின் 500 மி.கி., கிளாவுலானேட் 125. அதுவே 375-இல் 250, 125. ரெண்டு போட்டால் கிளாவுலானேட் 250 ஆகிவிடும், வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளலாம். வேறு கடையில் 625-ஐயே கேட்டு வாங்குங்கள்.

பதில் 2: காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அமாக்ஸிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைப் பின்னுவதைத் தடுக்கும். சுவர் பலமிழந்து செல் வெடிக்கும். சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து மருந்தையே உடைத்துவிடும். அந்த நொதியை முடக்கத்தான் கிளாவுலானேட். அதைக் கூட்டினால் கிருமி கூடுதலாகச் சாகாது. சாப்பாட்டின் தொடக்கத்தில் போடுங்கள், வயிறு தாங்கும்.

பதில் 3: அமாக்ஸிசிலினும் பென்சிலின் வகைதான். அதனால் பென்சிலின் அலர்ஜி இருந்தால் இதைத் தொடவே கூடாது, டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.