காலிப் பட்டியலுக்கு ‘ஆல்’ எப்படி ‘ட்ரூ’ தரலாம்?

கதிரவன்: “காலிப் பட்டியலுக்கு ‘ஆல்’ ட்ரூ தருவதே சரி, இது புரியாதவர் பைத்தான் பக்கமே வர வேண்டாம்” என்று நேற்று இங்கே எழுதப்பட்டதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பைத்தான் நிரல்மொழியில் ‘ஆல்’ என்பது, பட்டியலின் உறுப்புகள் எல்லாமே உண்மையா என்று பார்த்து ட்ரூ (உண்மை) அல்லது ஃபால்ஸ் (பொய்) என்று விடை தரும் கட்டளை. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், எல்லா ரசீதுகளும் சரிபார்க்கப்பட்டனவா என்று ‘ஆல்’ கொண்டு சோதித்த பிறகே பணத்தை விடுவிக்கும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் ரசீதுக் கோப்பு வரவில்லை, பட்டியல் காலி, ‘ஆல்’ ட்ரூ என்றது, பணம் போய்விட்டது.

மீனாட்சி: நேற்று அந்த வரியை இங்கே எழுதியவள் நான்தான். ஒரு பட்டியலை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே சோதித்து, இரண்டும் ட்ரூ ஆனால் மட்டுமே ட்ரூ தரும் ‘அண்ட்’ போட்டால், முழுப் பட்டியலைச் சோதித்தபோது வந்த விடையே வர வேண்டும். ஒரு பகுதி காலியாக இருக்கும்போது ஃபால்ஸ் வந்தால் அந்தக் கணக்கே உடைந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதே வேலையைச் செய்யும் ‘எவ்ரி’யும் இப்படித்தான்.

கதிரவன்: கணக்குப் பாடம் கேட்கவில்லை. ரசீது எத்தனை இருந்தது? ஒன்றுகூட இல்லை. இல்லாத ரசீதை யார் சரிபார்த்தார்கள்?

செழியன்: கதிரவன், போன மாதம் நீங்கள் இங்கே ஒட்டிய நிரலில் ‘ஆல்’லுக்குள் சதுர அடைப்புக்குறி போட்டிருந்தீர்கள். அதனால் முதல் ஃபால்ஸிலேயே நிற்க வேண்டிய சோதனை, முழுப் பட்டியலையும் கட்டி முடித்த பிறகே தொடங்கியது. சொன்னதற்குக் கோபித்துக்கொண்டீர்கள்.

கதிரவன்: பத்து வரிப் பட்டியலுக்கு அந்த அடைப்புக்குறியால் என்ன குடிமுழுகிப் போயிற்று? அன்றும் பேச்சைத் திருப்பியவர் நீங்கள்தான். காலிப் பட்டியலைக் கொடுத்தால் ட்ரூ. அதையே இன்னொரு பட்டியலுக்குள் வைத்துக் கொடுத்தால் ஃபால்ஸ். இதற்கு விடை சொல்லுங்கள்.

மீனாட்சி: உள்ளே இருக்கும் காலிப் பட்டியல் ஓர் உறுப்பு, காலிப் பட்டியலைப் பைத்தான் ஃபால்ஸாகவே எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். 2006இல் பைத்தான் 2.5 பதிப்போடு வந்த நாளிலிருந்து ‘ஆல்’ இப்படித்தான் நடக்கிறது. காலியாக இருந்தால் ட்ரூ என்று ஆவணத்திலேயே இருக்கிறது. பட்டியல் காலியா என்று முதலில் பார்க்காதது உங்கள் நிரலின் பிழை.

செழியன்: அடைப்புக்குறியைப் பற்றி அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கதிரவன்: ஆவணத்தில் எழுதிவிட்டால் தவறு சரியாகிவிடுமா? அந்தப் பணத்தைத் திரும்பப் பெற மூன்று வாரம் அலைந்தவன் நான், நீங்கள் அல்ல. ரசீது எத்தனை இருந்தது என்று கேட்டேன். இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.