அம்மம்மாவின் வெள்ளி நாணயங்களை மதிப்பிட உதவி வேண்டும்

வணக்கம். நல்லூரில் அம்மம்மாவின் பெட்டகத்தைத் திறந்தபோது, தகரப் பேணி ஒன்றினுள் சேலைத் துண்டில் முடிந்து வைத்திருந்த 11 வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் காட்டியபோது நிறுத்துப் பார்த்து, உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலையை மட்டுமே சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த 1893ஆம் ஆண்டு இலங்கை ஐம்பது சதத்தில் 80 சதவீதம் வெள்ளி இருக்க, 1925ஆம் ஆண்டினதில் 55 சதவீதமே உண்டு என்பதை அறிவேன். ஆனால் சேகரிப்போர் வெள்ளியைவிட அருமையையும் தேய்மானத்தையுமே பெரிதாகப் பார்ப்பார்கள் அல்லவா? 1911ஆம் ஆண்டு இந்திய ரூபாய் ஒன்றும் இருக்கிறது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் அங்கியிலுள்ள யானை பன்றிபோலத் தெரிகிறதென்று எதிர்ப்பு எழுந்ததால் பெருந்தொகையாக உருக்கப்பட்ட அந்த நாணயம்தான். அதில் மன்னரின் மீசைமயிர்கூட இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

தம்பி ஆசையோடு ஒரு நாணயத்தைப் புளி போட்டு மினுக்கிவிட்டான்; கருமை போய், மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. அதனால் மதிப்பு எவ்வளவு குறையும்? மற்றவற்றை எதில் வைத்துப் பாதுகாப்பது? யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நேர்மையாக மதிப்பிடுபவர்களை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள்.