மறு: ‘ஃபினிஷிங்’ – கொழுக்கவைத்தலா, நிறையூட்டமா?

> காளைக்கன்றுக்குத் தீனி போட்டு எடை ஏற்றுவதற்குக் ‘கொழுக்கவைத்தல்’ என்ற சொல் நம்மிடமே இருக்கிறதே. புதிது எதற்கு?

ஃபினிஷிங் என்பது மாட்டை இறைச்சிக்கு அனுப்பும் முன் கடைசிக் கட்டத்தில் தீனி கொடுத்து எடை ஏற்றுவது. கொழுக்கவைத்தல் நல்ல சொல்தான், பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதையின் ‘கொழுத்த கன்று’ எல்லாருக்கும் தெரியும். ஆனால் இத்துறையில் அது பாதிக்குத்தான் பொருந்தும். கொழுப்பது வேறு, சதைபோடுவது வேறு.

வட இத்தாலியின் வெனெத்தோ பகுதியைப் பாருங்கள். பிரான்சிலிருந்து ஷரொலே, லிமூசேன் இனக் கன்றுகள் பால்குடி மறந்த பின் அங்கே வந்து இறங்குகின்றன. காயடிப்பதில்லை. மக்காச்சோள ஊறுகாய்ப்புல்லும் (காற்றுப்புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம், சைலேஜ்) அடர்தீவனமும் கொடுத்து, இரண்டு வயதுக்கு முன்பே இறைச்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆண் இயக்குநீர் (ஹார்மோன்) சுரக்கும் உடம்பு என்பதால், காயடித்த மாட்டைவிட இவற்றில் சதை கூடுதலாகவும் கொழுப்பு குறைவாகவும் சேர்கிறது. நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏறும் இந்த எடையைக் ‘கொழுக்கவைத்தல்’ என்றால் படிப்பவர் தவறாகவே புரிந்துகொள்வார்.

அமெரிக்காவின் டெக்சஸ், கேன்சஸ், நெப்ராஸ்கா பக்கம் அப்படியில்லை. அங்கே பட்டிகளில் நிற்பவை பெரும்பாலும் காயடித்தவையும் கிடேரிகளும். சதைக்குள் இழையோடும் கொழுப்பை வைத்துத்தான் இறைச்சியின் தரம் பிரிக்கிறார்கள். கடைசிச் சில மாதங்கள் தானியம் மிகுந்த தீனி. புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். இதைக் கொழுக்கவைத்தல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டையும் தழுவ ‘நிறையூட்டம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நிறை என்பது எடை. நிறைவும் அதற்குள் இருக்கிறது. இதற்கு முந்தைய கட்டத்தை ‘வளரூட்டம்’ என்று வைத்தால் இரண்டும் இணையாக நிற்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடைவெளிக்கும் பெயர் வேண்டும், ஏனென்றால் ஆபத்து அங்கேதான். புல் தின்ற மாட்டுக்குத் திடீரென்று தானியத்தைக் கொட்டினால் அசையூண் வயிற்றில் (ரூமன் எனும் முதல் இரைப்பை) லாக்டிக் அமிலம் பெருகும். மாடு தீனி எடுக்காது, குளம்பு நோகும், சாகவும் கூடும். அதனால்தான் சுமார் மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். ‘தீனிப் படியேற்றம்’ என்றால் சொல்லிலேயே செய்முறை தெரியும்.

> தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது மாஸ். குழப்பம் வராதா?

இலங்கைப் பாடநூலில் நிறைதான் வெயிட். மாஸ் அங்கே திணிவு. இயற்பியல் வகுப்பில் இந்த வேறுபாடு முக்கியம். மாட்டை நிறுத்து விற்பவருக்கு இதனால் இடறல் வராது. ‘எடையூட்டம்’ என்று வைத்தால் கட்டம் நிறைவுறும் பொருள் போய்விடும். எனக்கு அதில் மனமில்லை.

> மாடுகளை அடைத்துத் தீனி போடும் ஃபீட்லாட்டுக்குக் ‘கொட்டில்’ போதாதா?

கொட்டில் என்றால் கூரை உண்டு. கேன்சஸில் மாடு நிற்பது பெரும்பாலும் வெட்டவெளி வேலியடைப்பில். அதற்குத் ‘தீவனப்பட்டி’ சரியாக இருக்கும். இத்தாலியில் கூரைக்குக் கீழே வளர்ப்பதற்குக் கொட்டில் பொருந்தும். சொற்பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாகக் கால்நடை மருத்துவம் படித்தவர்கள்.