நான் எழுதிய நிரலையே ட்ரோஜன் என்று தடுத்த ஆன்டிவைரஸ்

ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்து டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில், இருப்பது காட்பாடியில். பதனிட்டு முடித்த தோல் சதுர அடிக் கணக்கில் விலை போவதால், ஒவ்வொரு தோலின் அளவையும் பதிந்து, கட்டுவாரியாகக் கூட்டிப் பட்டியல் அச்சிடும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி, பைஇன்ஸ்டாலர் என்னும் கருவி மூலம், நேரடியாக இயங்கும் ஒரே எக்ஸி கோப்பாக்கி, பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் நிறுவச் சென்றிருந்தேன். பென்டிரைவிலிருந்து நகலெடுத்த சில நொடிகளில், ட்ரோஜன் (நல்ல நிரல்போல் நடித்து உள்ளே புகும் தீய நிரல்) கண்டறியப்பட்டுக் கோப்பு தனிமைப்படுத்தப்பட்டதாகத் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அருகில் இருந்த கணக்குப்பிள்ளை வயதில் மூத்தவர். “தம்பி, உங்க மேல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா மொதலாளி கேட்டா நான் என்ன சொல்றது?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுவதே பலரின் வழக்கம். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி விவரங்களும் உள்ள கணினியில், என் வேலை முடிய வேண்டும் என்பதற்காகக் காவலை நீக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுவாமலே திரும்பினேன்.

முதல் ஐயம் என் கணினியின் மீதுதான் எழுந்தது. 2009-இல் வெளிப்பட்ட இண்டக் வைரஸ், டெல்ஃபி கம்பைலரின் (அம்மொழியில் எழுதிய நிரலை இயங்கும் கோப்பாக மாற்றும் கருவியின்) நூலகக் கோப்பையே மாற்றிவிட்டு, அதன் பிறகு அங்கே கம்பைலாகும் ஒவ்வொரு நிரலிலும் புகுந்துகொண்டதைப் படித்திருந்தேன். ஆகவே விண்டோஸைப் புதிதாக நிறுவிய வேறொரு கணினியில், ‘வணக்கம்’ என்று அச்சிடும் ஒற்றை வரி நிரலைக் கம்பைல் செய்து பார்த்தேன். அதற்கும் அதே எச்சரிக்கை வந்தபோதுதான், குறை நான் எழுதிய வரிகளில் இல்லை என்பது உறுதியாயிற்று.

பைஇன்ஸ்டாலர் உருவாக்கும் எக்ஸியின் முகப்பில், நிரலைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் என்னும் பகுதி எல்லோருடைய நிரலிலும் ஒன்றாகவே இருக்கும். ஒரே கோப்பாகக் கட்டினால், அது இயங்கும்போது தன்னுள் இருப்பவற்றைத் தற்காலிகக் கோப்புறையில் விரித்து, அங்கிருந்து ஓடத் தொடங்கும். தீய நிரல் எழுதுவோரும் இதே கருவியைப் பயன்படுத்துவதால், அந்த முகப்பையும் இந்த நடத்தையையும் சேர்த்தே ஆன்டிவைரஸ் குற்ற அடையாளமாகக் கற்றுக்கொள்கிறது. யூபிஎக்ஸ் என்னும் கருவி கொண்டு எக்ஸியின் அளவைச் சுருக்கினால் சந்தேகம் இன்னும் கூடுகிறது. நானோ அதையும் செய்திருந்தேன்.

சுருக்கத்தை நீக்கினேன், பூட்லோடரை அதன் மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்தேன், ஒற்றைக் கோப்பைக் கைவிட்டுக் கோப்புறையாகக் கட்டினேன். ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ் எஞ்சின்களால் சோதித்துக் காட்டும் வைரஸ்டோட்டல் தளத்தில், எச்சரித்த எஞ்சின்கள் வெகுவாகக் குறைந்தன. (அங்கே ஏற்றும் கோப்பு பிறருக்கும் கிடைக்கக்கூடும் என்பதால், வாடிக்கையாளர் தரவு எதையும் உள்ளே வைத்து ஏற்றாதீர்கள்.) டேனரியில் இருந்த ஆன்டிவைரஸ் மட்டும் விடவில்லை. அந்நிறுவனத்தின் தவறான கண்டறிதல் படிவத்தில் கோப்பை அனுப்பியபின், மூன்றாம் நாள், கோப்பு தூயது என்றும் அடுத்த புதுப்பிப்பில் எச்சரிக்கை நீங்கும் என்றும் பதில் வந்தது.

ஒரு வரி மாற்றிக் கம்பைல் செய்தாலும் கோப்பின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) மாறிவிடுவதால், அந்த விலக்கு அடுத்த பதிப்புக்கும் செல்லும் என்ற உறுதி இல்லை. நிரலை வெளியிட்டவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்கினால் நிலைமை மேம்படும். ஆனால் 2023 ஜூன் முதல் கையொப்பமிடும் அதன் இரகசியச் சாவியை வன்பொருள் டோக்கன் போன்ற காப்பில்தான் வைக்க வேண்டும் என்பதால், தனியாளான எனக்குச் செலவு கனக்கிறது. அதை வாங்கும்வரை ஒவ்வொரு பதிப்பையும் முன்கூட்டியே அனுப்பி, பதில் வந்த பிறகே பேரணாம்பட்டுக்குப் பேருந்து ஏறுகிறேன். வந்த முதல் பதிலை அச்சிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தேன். முதலாளி கேட்டால் காட்டுவதற்காக, அதைக் கொள்முதல் ரசீதுகளோடு சேர்த்துக் கோத்து வைத்திருக்கிறார்.