கிட்டார் கழுத்தின் பருமனும் இடக்கை வலியும்

கேள்வி (தங்கச்சிமடம்):
தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் எனக்கு, நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகள் தங்கும் பட்டி) அருகே 52 மி.மீ. அகலமுள்ள கிளாசிக்கல் கிட்டாரில் எஃப் பாரே கார்டு (ஆள்காட்டி விரலால் எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் பிடி) பிடிக்கும்போது கட்டைவிரலின் அடியில் வலி எடுக்கிறது. கழுத்து மெலிந்த கிட்டாருக்கு மாறினால் தீருமா?

பதில் (பாம்பன்):
அகலத்தையும் பருமனையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். 43 மி.மீ. அகலமுள்ள ஸ்டீல் தந்திக் கிட்டாரில் விரல்கள் குறைவாக விரிந்தால் போதும் என்றாலும், கழுத்து மிக மெலிந்திருந்தால் உள்ளங்கைக்குத் தாங்கல் கிடைக்காமல், பெரிய கையுடையவர்களுக்குக் கட்டைவிரல் வலி மிகுவதும் உண்டு.

பதில் (மண்டபம்):
முதலில் கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் என்னும் உலோகக் கம்பிகளுக்கு மேல் தந்தி நிற்கும் உயரத்தை அளந்து பாருங்கள், சகோதரரே. நம் கடற்கரையின் ஈரக்காற்றில் மரம் உப்பி, மேற்பலகை எழும்பி, தந்திகள் உயர்ந்து, அழுத்தக் கடினமாகிவிடும். 12ஆம் ஃபிரெட்டில் தடித்த தந்தி 4 மி.மீ.க்கு மேல் நின்றால், மேற்பலகைப் பக்கம் தந்திகளைத் தாங்கும் சேடில் பட்டியைத் தேய்த்துத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
அளந்தேன், 5 மி.மீ. இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்கிறேன்.