மறு: செவுள்புழுவா, பிசிறா?

அண்ணா வணக்கமுங்க,

எட்டாவது பசங்களுக்கு நம்ம நோட்டீஸ்ல போட, பிராங்கியோட்ரைலஸுங்கற தண்ணிப்புழுவுக்குத் தமிழ்ப் பேரா நீங்க சொன்ன "செவுள்புழு" அர்த்தப்படி சரிதானுங்க, கிரேக்கத்துலயும் செவுளும் புழுவும்தான். மண்புழுவுக்குச் செவுளே கெடையாது, தோல்லயே மூச்சு, அதனால பசங்களுக்கும் இது புதுசா இருக்கும். ஆனா பிராங்கியூரான்னு செவுளோட இன்னொரு புழு இருக்குதே, செவுள்புழுன்னா அதுக்கும் பொருந்திருமே; அது தலைய சேத்துக்குள்ள பொதைச்சுட்டு வால மேல நீட்டி ஆட்டிக்கிட்டே கெடக்கும், செவுளு பூராம் வால்பக்கம். நம்ம பிராங்கியோட்ரைலஸுக்கு முன்பக்கத்துல இருந்தே முதுகுல ஜோடி ஜோடியா வருது. அத வால்செவுள் புழுன்னு தள்ளி விட்டுறலாம், இதுக்குத்தான் ரெண்டு நாளா முழிக்கறேன்.

1890ல விலங்கியல்காரரு ஆல்ஃபிரட் போர்ன், மெட்ராஸ்ல கெடச்சத வெச்சு இதுக்கு மொதல்ல குடுத்த பேரு கீட்டோபிராங்கஸ். முன்பக்கச் செவுளுக்குள்ளயே மயிராட்ட முள்ளு ஓடுது, அதான் அந்தப் பேரு. கூத்து என்னன்னா அதே பேர 1840லயே ஒரு மீனுக்கு வெச்சுட்டாங்க, அதனால 1900ல மிக்கேல்சன்னு இன்னொரு விலங்கியல்காரரு பிராங்கியோட்ரைலஸுன்னு மாத்திட்டாரு. தமிழ்ல மீனு சண்டைக்கு வரப்போறதில்ல, பழைய பேரையே எடுத்துக்கலாம்னு பாத்தா "மயிர்ச்செவுள்"னு வருதுங்க. எட்டாவது பசங்க முன்னால இத வாசிச்சா அன்னைக்கு வகுப்பு நடந்தாப்லதான்.

நேத்து படத்த அம்மாகிட்ட காட்டுனேன், அம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனில பிசிறு வெட்டறாங்க. பாத்த ஒடனே "பிசிறு வெட்டாத பீஸாட்ட இருக்குதுடா"ன்னாங்க. பிசிறுச்செவுள் புழு. எப்படிங்க?

---

தம்பி, அம்மாவுக்கு என் கும்புடு. நான் நாக்குப்பூச்சில இருந்து எதாச்சும் புடிக்கலாம்னு இருந்தேன், தூண்டில்ல மாட்டறதும் அதேதான் வயித்துல இருக்கறதும் அதேதான், வேண்டாம்னு விட்டுட்டேன். பிசிறுச்செவுள் நல்லாருக்கு. ஆனா றகரம் போடுங்க, ரகரம் போட்டு பிசிர்னு எழுதுனா சங்கப் பாட்டுல அது நீர்த்திவலை. அப்புறம் போன நோட்டீஸ்ல செவுள செதிள்னு அடிச்சு விட்டீங்களே, இந்தத் தடவையாச்சும் பாருங்க.

---

அண்ணா, தண்ணிக்குள்ளயே கெடக்கற புழு, திவலையும் பொருந்தத்தானுங்களே செய்யுது... செரி, றகரமே இருக்கட்டும். செதிள் என் தப்பில்லைங்க, டைப்பிங்காரர். நாளைக்கு பிரிண்டுக்குப் போவுது.