மக்கும், மக்காத குப்பையைப் பிரிக்க வைப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் அடுக்ககத்தில் நோட்டீஸ் ஒட்டியும் எல்லாவற்றையும் ஒரே கவரில் கட்டித்தான் போடுகிறார்கள். அபராதம் போட்டுச் சண்டை வளர்க்க மனமில்லை. வேறு வழி உண்டா?

மாடித்தோட்டம்:
தொட்டியை மாற்றிப் பாருங்கள். மக்காத குப்பைத் தொட்டி மூடியில் பாட்டில் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை இருந்தால் சோற்றுக் கவரைத் திணிக்க வராது, கை தானாகப் பக்கத்துப் பச்சைத் தொட்டிக்குப் போகும். அப்புறம், எழுத்தைவிட முட்டை ஓடு, பால் கவர் படங்கள் நன்றாக எடுபடும்.

கோவைக்காரன்:
பிரித்துத் தரும் வீடுகளின் எண்ணிக்கையை லிஃப்டில் எழுதி வையுங்கள். தராதவர் பெயர் வேண்டவே வேண்டாம், வீம்புதான் வளரும்.

செல்வி:
2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே மூன்றாகப் பிரிக்கச் சொன்னவைதான். பேட்டரி, காலாவதி மாத்திரை தனி. நாப்கினைத் தாளில் சுற்றித் தரச் சொல்லுங்கள், வெறுங்கையால் பிரிக்கும் அந்த அக்காவும் மனுஷிதானே.